சனிக்கிழமைக் கிறுக்கு

மறுபடியும் ஏறுகிறது. கேள், ஏறுகிறது பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அர்த்தநாரி தன் லேத்துப் பட்டறைக் கொட்டகைத் தூணில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால்தான் அவருக்குக் காது நன்றாகத் திறக்கும். கொட்டகையின் நடுவில் சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஊரும் அந்தப் பழைய புல்டோசர், ஊரார் சொல்கிற செயின் வண்டி, நின்ற இடத்தில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. கியர் போடவில்லை, பாரம் இல்லை, வேகக் கைப்பிடியை யாரும் தொடவில்லை. ஆனாலும் சத்தம் மெல்ல ஏறி, இன்னும் ஏறி, ஏறக் கூடாத இடத்துக்குப் போய், யாரோ அதட்டியதுபோலச் சட்டென்று விழுந்து, அணைந்தே போய்விடுமோ என்னும் அளவுக்குத் தாழ்ந்து, அப்புறம் மறுபடியும் ஏறியது. புதன்கிழமை இப்படி இல்லையே. புதன்கிழமை இதே கொட்டகையில் ஒரே சுருதியில் நின்றதே. அதைக் கேட்டுவிட்டுத்தானே கோயில்காரர்களிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த வருஷம் தேரை நம்ம வண்டியே தள்ளும், வாடகை வண்டிக்குச் சொல்ல வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நாளைக்குத் தேர். இன்றைக்கு உச்சிப்பொழுதுக்குள் அவர்கள் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவதாகப் பேச்சு. வரட்டும். வந்து இந்த லட்சணத்தைக் கேட்கட்டும். தேருக்குப் பின்னால் நின்று தள்ளும்போது இது இப்படி ஒரே ஒரு தடவை ஏறினால் போதும், தேர் ஒரு முழம் முன்னால் தாவும். தாவுகிற தேரின் வலது பின்சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பது யாரோ ஒருவர் அல்ல, சென்னியப்பன், மரகதத்தின் அண்ணன், இவருடைய மச்சான். வண்டியை ஓட்டப்போவதும் யாரோ ஒருவர் அல்ல. இந்த இடத்துக்கு வந்ததும் அவர் நினைப்பும் விழுந்துவிடும். விழுந்து, கொஞ்ச நேரம் ஒன்றுமில்லாமல் கிடந்து, பிறகு டீசல் ஃபில்டரிலிருந்து மறுபடி ஏற ஆரம்பிக்கும்.

ஃபில்டர் இல்லை. ஃபில்டரை மாற்றியாகிவிட்டது. குழாயில் காற்று ஏறியிருக்குமோ, இல்லை, காற்றையும் எடுத்தாகிவிட்டது. டேங்க் மூடியில் இருக்கிற காற்றுத் துளை அடைத்திருக்குமோ, இல்லை, அதில் அவரே ஊசி விட்டுப் பார்த்தார். அப்படியானால் எஞ்சின் வேகத்தை அடக்குகிற கவர்னர். கவர்னர்தான். ஆனால் கவர்னரைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதைப் பிரித்து மேசையில் வைத்த நாளில் சாப்பிடக்கூடப் போகாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவர். கைக்கு அடங்கும் இரண்டு இரும்புக் குண்டுகள், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றச் சுற்றக் குண்டுகளும் சுற்றும். வேகம் கூடினால் குண்டுகள் விலகி டீசலைக் குறைக்கும், வேகம் குறைந்தால் நெருங்கி வந்து டீசலைக் கூட்டும். மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி அதே நிதானத்தில் போகும். கரண்டு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. அது யோசிப்பதுகூட இல்லை, தனக்குப் பட்டதைச் சொல்லுகிறது, அவ்வளவுதான். இதை முதன்முதலில் நினைத்தவன் யார்? எந்த ஊர்க்காரன்? அவனுக்கு மச்சான் இருந்தானா? எந்தத் தேருக்குப் பின்னாலும் நிற்காத ஒரு மனுஷன், எங்கேயோ குளிர் பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு, தானாகத் தன்னை அடக்கிக்கொள்கிற ஒரு பொருளைச் செய்துவிட்டுப் போயிருக்கிறானே என்று நினைத்தால் அர்த்தநாரிக்குக் கைகூப்பத் தோன்றும். கூப்பியும் இருக்கிறார், யாரும் பார்க்காதபோது. மனுஷனுக்கு இப்படி ஒன்றை நெஞ்சுக்குள்ளே வைத்துக் கொடுத்திருந்தால் எத்தனை வீட்டில் சண்டை இல்லாமல் இருந்திருக்கும்.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. அணை கட்டும் காலத்தில் கப்பலில் வந்தது, அணை கட்டி முடித்ததும் கைமாறிக் கைமாறி ஒரு மில்லின் பின்புறம் வேலிக்காத்தான் புதருக்குள் கிடந்தது. இவர் முதலில் பார்த்தபோது சீட்டின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை எழுப்ப மனமில்லாமல், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார் என்று சென்னியப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான், காத்திருந்தார். துரு உதிர உதிர உள்ளே இருந்து வந்த இரும்பைப் பார்த்து அவர் அசந்துபோனார். இத்தனை மழை வெயிலுக்கும் உள்ளுறுப்பு ஒன்றுகூட மனம் விட்டுப்போகவில்லை. பெரிய எஞ்சினை எழுப்புவதற்கென்றே அதன் தோளில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். சின்னது முதலில் படபடவென்று கத்தும், கத்திக் கத்திப் பெரியதைச் சுற்ற வைக்கும், பெரியது ஒரு பெருமூச்சு விட்டு எழுந்ததும் சின்னது தானாக ஒதுங்கிக்கொள்ளும். முதல் நாள் அது எழுந்தபோது கொட்டகைக் கூரையில் இருந்த தூசி மொத்தமும் அவர் தலைமேல் விழுந்தது. மரகதம் கையைத் தட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கையைத் தட்டி அவர் பார்த்தது அன்றைக்குத்தான். மஞ்சள் பெயிண்ட் அடித்து முடித்த அன்றைக்கு அவள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் எது முக்கியமுங்க என்று கேட்டாள். எது முக்கியம் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஆள் அல்லவா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவளைக் குனியச் சொல்லி, கவர்னரிலிருந்து டீசல் பம்புக்குப் போகும் ஒரு சாண் நீள ராடைக் காட்டினார். குண்டுகள் சொல்வதைப் பம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த ராடுதான், இதுதான் இதற்கு உசுரு என்றார். அவள் தலையாட்டினாள். அந்த ராடின் முனையில் பிளந்து நிற்கும் கவட்டையும் அதில் கோத்த இரும்புப் பின்னும் அவரே லேத்தில் கடைந்தவை, மயிரிழை பிசகாமல். அதனால்தான் சொல்கிறேன், கவர்னர் இல்லை. மேசையில் வைத்துச் சுற்றியபோது தங்கமாக வேலை செய்ததே. வேறு எது? ஏறுகிறது. மறுபடியும் ஏறுகிறது.

"காப்பி ஆறுதுங்க" என்றாள் மரகதம். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. டம்ளரை இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. சத்தம் ஏறும்போது முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள், இறங்கும்போது விட்டாள்.

"இன்னும் அடங்கலைங்களா?"

"சித்தெ இரு மரகதம். பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

"அண்ணன் வந்துருவாருங்க. வந்தா என்ன சொல்லப்போறீங்க?"

"அதுக்குள்ள பாத்துருவேன்."

 வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாள் என்றால் அவருக்குப் பாதிப் பாரம் இறங்கும். சொல்ல மாட்டாள். வேண்டாம் என்றால் வாடகை வண்டி வரும், வாடகை வண்டி என்றால் என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணாக, பாவாடை சட்டையில், மேற்கு வீதி முக்கில் தூக்குவாளி நிறைய நீர்மோரோடு அப்பாவுக்காக நின்றவள் அவள். சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவர்கள் குடும்பத்துக்கு உள்ள உரிமை. அப்பா ராக்கியப்பன் குனிந்து கட்டையைச் செருகினார், பின்னால் எங்கிருந்தோ வாடகைக்குக் கொண்டுவந்த வண்டி ஒரு தடவை தேவையில்லாமல் உறுமியது, தேர் கட்டையின்மேல் ஏறி இறங்கியது. அப்பாவின் வலது பாதம் போயிற்று. தேர் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது என்று அவரே கத்தினாராம், ரத்தத்தில் கிடந்தபடி, அடுத்த கட்டையைப் போடுடா என்று மகனைப் பார்த்து. மகன் போட்டான். அன்றைக்குக் கட்டையைக் கையில் எடுத்தவர்தான் சென்னியப்பன். ராக்கியப்பன் அதற்குப் பிறகும் வருஷா வருஷம் அதே முக்கில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இடது சக்கரத்துக்காரன் தூங்குகிறான் என்று வைதுகொண்டிருந்தார், சாகிற வரைக்கும். என்ன குடும்பமடா இது என்று அர்த்தநாரி மலைத்திருக்கிறார். மாப்பிள்ளையாக வந்த புதிதில் பயந்தும் இருக்கிறார். மரகதம் மட்டும் அன்றைக்குப் பிறகு தேர் நோம்பித் திருவிழாவுக்கு வெளியே போனதில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படியில் உட்கார்ந்து, வேட்டுச் சத்தத்தை வைத்துத் தேர் எந்த வீதியில் வருகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். மேற்கு வீதி தாண்டியதும் எழுந்து தண்ணீர் குடிப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அர்த்தநாரிக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியாது. இந்த வருஷம் அந்த முக்கில் தேரைத் தள்ளப்போவது தன் புருஷன் என்றதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.  அவள் இவரை அப்படி நம்புகிறாள், இவரோ ஒரு சத்தத்துக்குக் காரணம் தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காப்பி ஆறிவிட்டது. ஆறினால் என்ன, குடித்தார். அவள் வெறும் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரத்தில் சென்னியப்பன் வந்தார். வந்தார் என்றால், முதலில் தோளில் இருந்த முட்டுக்கட்டை வந்தது, பிறகு அவர் வந்தார். வாகை மரத்தில் செதுக்கிய கட்டை, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, நீண்ட கைப்பிடியோடு. அதைக் கீழே இறக்கி வைத்தபோது ஒரு சத்தமும் எழவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷன். தேருக்குப் பக்கத்தில் அவர் நடப்பதை அர்த்தநாரி எத்தனையோ வருஷமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்திருக்கிறார். எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள், இவர் மச்சானின் காலைப் பார்ப்பார். ஆளை நசுக்கும் சக்கரம் ஒரு கை தூரத்தில் உருளும், அவர் அதன் கூடவே வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடப்பார், அவசரம் கிடையாது, திரும்பிப் பார்ப்பது கிடையாது. வேண்டிய கணத்தில் குனிவார், கட்டை உள்ளே போகும், தேர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பேசவும் செய்வார். இந்த ஆள் தன்னைப் பார்த்து, நீ ஓட்டுனீன்னா நான் கண்ணை மூடிட்டுக் கட்டை போடுவேன் மாப்ள என்று சொன்னது பெருமையா தண்டனையா என்று அர்த்தநாரிக்கு இன்றைக்கு வரை விளங்கவில்லை.

"என்ன மாப்ள, இன்னிக்கும் சாமியாடுதா?"

"பாத்துட்டு இருக்கறேன் மச்சான்."

"நான்தான் அன்னிக்கே சொன்னனே. சனிக்கெழமையானா இதுக்குக் கிறுக்குப் புடிச்சுருது. போன சனிக்கெழமையும் இப்படித்தான். அதுக்கு முந்துன சனிக்கெழமையும் இப்படித்தான். சனீஸ்வரன் கோயலுக்கு எள்ளு வெளக்குப் போட்டுட்டு வந்தா அடங்கிரும் போல."

"வெளையாடாதீங்க மச்சான். நாளைக்கு நீங்கதான் சக்கரத்துக்கிட்ட நிக்கப் போறீங்க."

"அதுக்குத்தான் வெளையாடறேன்" என்றார் சென்னியப்பன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. உனக்கு மனசுல சுத்தமாப் பட்டா ஓட்டு. படலைன்னா கோயல்காரங்ககிட்ட இல்லைன்னு சொல்லிப்போடு. எவன் ஓட்டுனாலும் நான் கட்டை போட்டுத்தான் ஆகோணும். ஆனா எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உன் கையால ஆகக் கூடாது. நம்ம அம்மணி மரகதம் தாங்க மாட்டா" என்றார். சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக வீட்டுப் பக்கம் போய்விட்டார். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், தன் உயிரைப் பற்றிய பேச்சை, செருப்பைக் கழற்றி விடுவதுபோல.

கோயில்காரர்களிடம் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் வாடகை வண்டி வரும், டிரைவர் வெளியூர்க்காரன், அவனுக்குத் தேரும் ஒன்றுதான் மண்மேடும் ஒன்றுதான், மேற்கு வீதி முக்கு, கதவைச் சாத்திக்கொண்டு மரகதம். ஆகட்டும் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் இது ஏறும். ஃபில்டர். இல்லை, ஃபில்டரைப் போன மாதம் ஒரு சனிக்கிழமை மாற்றினார், செவ்வாய்க்கிழமைக்குள் வண்டி அடங்கியது, ஆக ஃபில்டர்தான் என்று நினைத்தார். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஆடியது, காற்றை எடுத்தார், புதன்கிழமை அடங்கியது, ஆகா, காற்றுத்தான் என்று நினைத்தார். அதற்கடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங்கை மாற்றினார், அதுவும் இரண்டு மூன்று நாளில் அடங்கியது. ஒவ்வொரு தடவையும் நாம்தான் சரி செய்தோம் என்று மீசையைத் தடவிக்கொண்டாரே தவிர, செய்த உடனே அடங்காமல் ஏன் மெல்ல மெல்ல அடங்குகிறது என்று ஒரு நாளாவது யோசித்தாரா? இல்லை. நாம் சரி செய்யவே இல்லையோ. தினமும் காலையில் ஓட்டுகிறோம், ஓட ஓட அதுவாகவே சரியாகிறதோ. ஓட ஓடச் சரியாகி, சனிக்கிழமையானால் மறுபடி கெட்டுப்போகிறது. யார் கெடுக்கிறார்கள்? இரும்புக்குக் கிழமை தெரியுமா? மச்சான் கிண்டலுக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அந்தக் கிண்டல் இப்போது பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்துகிறது. சனிக்கிழமையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வண்டிக்கு அன்றைக்கு யாரும் வேறு எண்ணெய் ஊற்றுவதில்லை. அப்படியானால் வெள்ளிக்கிழமையில்? வெள்ளிக்கிழமையும் ஒன்றும் இல்லை, அன்றைக்கு அவர் வண்டியை ஓட்டுவதே இல்லை, பட்டறைக்கு விளக்கு வைக்கிற நாள். லேத்து, வைஸ், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து வைப்பார், மரகதம் தலைக்குக் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வருவாள்.

வருவாள். வந்து, முதலில் லேத்துக்கு வைப்பாள், பிறகு வைஸ், பிறகு இந்த வண்டி. முகப்புத் தகட்டில் ஒன்று, சீட்டுக்குக் கீழே ஒன்று, வேகக் கைப்பிடியில் ஒன்று, பிறகு முழங்காலை மடித்துக் குனிந்து... அர்த்தநாரி தூணிலிருந்து முதுகை எடுத்தார். நடந்து போய் வண்டியின் பக்கவாட்டில் குனிந்தார். அந்த ராடு அங்கே இருந்தது, ஒரு சாண் நீளம், அவர் அடித்த மஞ்சள் பெயிண்ட் மினுமினுக்க. அதன் முனையில், கவட்டையும் பின்னும் சேர்கிற இடத்தில், வண்டியிலேயே பெரிய பொட்டு இருந்தது. பழைய பொட்டைத் துடைத்துவிட்டு வைக்கும் வழக்கம் மரகதத்துக்குக் கிடையாது, அதன் மேலேயே வைப்பாள். வாரத்துக்கு ஒன்றாகச் சந்தனத்தின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து, நேற்று வைத்தது எல்லாவற்றுக்கும் மேலே புதுசாக, சுவர்ப்பூச்சு மாதிரி இறுகி, கவட்டையின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு இருந்தது. ராடு நகர முயல்வதையும், முடியாமல் நிற்பதையும், பிறகு திமிறிக்கொண்டு ஒரேயடியாகப் போவதையும் அவர் கண்ணாலேயே பார்த்தார். குண்டுகள் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. சொன்னது பம்புக்குத் தாமதமாகப் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். தாமதமாகச் சேருவதால் அளவுக்கு மீறி ஏறுகிறது, மீறி இறங்குகிறது. ஓட ஓட அதிர்வில் இடுக்கில் அடைத்தது மட்டும் உதிர்ந்து செவ்வாய் புதனுக்குள் ராடு இளகும், வெள்ளிக்கிழமை மறுபடி பூசுவாள்.

இதைத் தினமும் பார்த்தவர்தானே அவர்? பார்த்தார். தினமும் துணியால் அந்த ராடைத் துடைத்தார், பொட்டின் மேல் படாமல், அதைச் சுற்றி, பக்குவமாக. பொட்டு ஒரு பொருள் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு அழுக்கு, துரு அழுக்கு, மண் அழுக்கு, பொட்டு எப்படி அழுக்காகும்? வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? அதுவாகத்தான் உதிர வேண்டும். இதுதான் உசுரு என்று விரலைக் காட்டியவர் அவர்தான், அதனால்தான் அவள் இருக்கிற பொட்டிலேயே பெரிய பொட்டை அங்கே வைத்தாள். கட்டை போடுகிற அண்ணனுக்காக, பாதம் போன அப்பாவுக்காக, ஓட்டப்போகிற புருஷனுக்காக, வாரம் தவறாமல் முழங்கால் வலிக்கக் குனிந்து வைத்தாள். சிரிப்பும் அழுகையும் ஒருசேர வந்தன அவருக்கு. அந்தக் குளிர்ப் பிரதேசத்துக்காரன் எல்லாவற்றையும் யோசித்தான். மேட்டை யோசித்தான், பள்ளத்தை யோசித்தான், மரகதத்தை யோசிக்கவில்லை. யோசித்திருக்கவும் முடியாது, பாவம். துணியை எடுத்தார். கை நீண்டது, நின்றது. நாளைக்குத் தேர், இன்றைக்குப் பொட்டை அழிப்பதா? அவள் வைத்த பொட்டை அவளுடைய புருஷனே? வாய்விட்டுச் சொன்னாலே அபசகுனம்.  அப்படியே விட்டுவிட்டால், ஓட ஓட உதிர்ந்துவிடாதா, ராத்திரி முழுவதும் ஓட்டினால்? உதிர்ந்தாலும் நாளைக் காலையில் அவள் மறுபடி வைப்பாள், நல்லநாள் பார்த்து இன்னும் பெரியதாக. அர்த்தநாரி எழுந்து போய் எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்றதும்தான் எத்தனை நேரமாக அது அவர் தலைக்குள் ஏறி இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது. காக்கை ஒன்று கூரையில் நடக்கும் சத்தம்கூடக் கேட்டது. அவர் முழங்காலை மடித்து உட்கார்ந்து, கம்பியால் கவட்டையின் இடுக்கைச் சுரண்டி, டீசலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார். சந்தனம் கட்டி கட்டியாக வந்தது. மணம் போகவில்லை, டீசலையும் மீறி மணத்தது. பின்னை உருவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திரும்பக் கோத்தார். விரலால் தொட்டதும் ராடு அசைந்தது, ஊதினால் நகரும் போல. இதைச் செய்துகொண்டிருக்கும்போது, அணைந்துபோச்சோ என்று வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள் மரகதம். பின்னாலேயே சென்னியப்பன். அவள் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. கோயில்காரர்கள் வருகிறார்களே என்று இன்றைக்கும் குழைத்திருக்கிறாள். அவள் பார்வை துணிக்குப் போனது, துணியில் இருந்த மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போனது, பிறகு வெறுமையாகிவிட்ட அந்தக் கவட்டைக்குப் போனது.

"பொட்ட அழிச்சுப்போட்டீங்களா?" என்றாள். 

 சொன்னால் புரியாது, கேட்டால்தான் புரியும். சின்ன எஞ்சினைக் கிளப்பினார். அது படபடத்தது, பெரியதை உலுக்கியது, பெரியது பெருமூச்சு விட்டு எழுந்தது. சின்னது ஒதுங்கியது. சத்தம் ஏறியது, வழக்கமாக ஏறும் இடத்துக்கு வந்தது. மரகதத்தின் கை முந்தானை நுனிக்குப் போனது. சத்தம் அங்கேயே நின்றது. அவர்கள் மூன்று பேரும் அது விழுவதற்காகக் காத்திருந்தார்கள், அது விழவில்லை. காத்திருந்து காத்திருந்து சென்னியப்பன்தான் முதலில் மூச்சு விட்டார். அர்த்தநாரி வேகக் கைப்பிடியை முன்னால் தள்ளிப் பார்த்தார், எஞ்சின் ஏறச் சொன்ன இடத்துக்கு ஏறி அங்கே நின்றது, இழுத்தார், இறங்கி நின்றது. முதல் நாள் எழுந்தபோதுகூட இத்தனை அழகாக ஓடியதில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"என் கையாலயா?" என்றாள் மரகதம், மெதுவாக. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஃபில்டர் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் நினைக்கவும் செய்தார். ஆனால் இவளிடம் பொய் சொல்லிவிட்டு நாளைக்கு எப்படி அந்த சீட்டில் உட்காருவது?

"உன் கையாலதான். அதுதான் உசுருன்னு உங்கிட்டச் சொன்னது நானு. சொல்லிப்போட்டு, தினமும் பொட்டைச் சுத்தித் தொடச்சவனும் நான்தான்."

சென்னியப்பன் கட்டையின் மேல் உட்கார்ந்து சிரித்தார். "அம்மணி, என்னையக் காப்பாத்தறதுக்குன்னு வெச்சதே என்னையத் தேருக்கு அடியில அனுப்பப் பாத்திருக்குது பாரு. அப்பன் இருந்திருந்தா கயித்துக் கட்டில்ல உக்காந்து உன்னைய வெய்யற வசவுல ஊரே கூடியிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.  அந்த ஒரே சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். குழைத்த சந்தனத்தைக் கொட்டுவது என்பது அவளால் ஆகாத காரியம்.

"அப்ப இதைய எங்க வெக்கறதுங்க?"

"அசையாத எடமாப் பாத்து வை."

அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். செயினைப் பார்த்தாள், முன்னால் தள்ளுகிற இரும்புப் பட்டையைப் பார்த்தாள், அசையாத இடம் என்று அதில் ஒன்றும் அவளுக்குத் தென்படவில்லை போலிருக்கிறது. அண்ணனை எழச் சொல்லி, முட்டுக்கட்டையின் தடித்த பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு அர்த்தநாரியின் எதிரில் வந்து நின்றாள். மோதிர விரலால் தொட்டு, அவர் நெற்றியின் நடுவில், வண்டிக்கு வைத்ததைவிடப் பெரியதாக, அழுத்தி வைத்தாள்.

"நாளைக்கு அசையாம இருக்க வேண்டியது நீங்கதானுங்க" என்றாள். "மேக்கு வீதி முக்குல நான் மோரோட நிக்கறேன்."

சென்னியப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தார். வாசலில் கோயில்காரர்களின் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, என்னங்க அர்த்தநாரி, நாளைக்கு நம்பலாமா என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உள்ளே வந்தார். நம்பலாமுங்க என்றார் அவர். அவர்கள் வண்டியைச் சுற்றி வந்து ஆயிரம் கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஆனால் சந்தனம் காய்கிற வரைக்கும் அவர் நெற்றியைச் சுருக்கவே இல்லை.